தலைக்கு ஒரு மிடறு எண்ணெய்

அன்று காலை துறையில் நின்றவர்கள் இவர்கள்தான்: நான், என் புருஷன், அவருடைய தம்பி, ஊரில் பெரிய வயல்காரரான போடியார், துணி மூட்டையோடு காத்தான்குடிக்குத் திரும்ப நின்ற முஸ்லிம் வியாபாரி (அவர்களை நாங்கள் காக்கா என்போம்), கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு தாயும் மகளும். ஏழு தலை. தோணிக்காரரும் நின்றார், ஆனால் அவர் கணக்கில் வரமாட்டார். தோணி நிறையப் பன்னிரண்டு தலை வேண்டும்.

என் புருஷனை விடியப்புறம் போடியாரின் வயல் வட்டையில், தண்ணீர் பார்க்கப் போன இடத்தில், வரம்பில் கிடந்த புடையன் பாம்பு கடித்திருந்தது. விஷகடி பார்க்கிற பரியாரி போன மாதமே இடம்பெயர்ந்து போய்விட்டார். சுற்றிப் போகிற தூரத்துப் பாலத்து வழியை முந்தின நாள் மூடிவிட்டார்கள். வாவியைக் கடந்து அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உயிர். கடக்க அனுமதி இருந்தது அந்த ஒரு எஞ்சின் தோணிக்கு மட்டும். வேறு எதில் போனாலும் அக்கரை இராணுவக் காவலரணில் இருந்து சுடுவார்கள்.

அந்தக் காலத்தில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்களுக்குப் பெற்றோல் வராது, டீசல் வராது. கூப்பனுக்கு அளந்து தருகிற மண்ணெண்ணெய்தான். விளக்கும் அதில், மோட்டார் சைக்கிளும் அதில், ட்ரக்டரும் அதில். சேலைன் குழாயில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, நாலு சொட்டு விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்த பிறகு மண்ணெண்ணெயில் ஓடும், ஊர் முழுக்கக் கண் எரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து இருந்தார்கள், பிறகு நான் போகவில்லை. என் புருஷன் என்னைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவர், கணக்கில் பைத்தியம். இரவுச் சோற்றுக்கு முன்னால் விளக்குப் போத்தலைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்ப்பார். இந்தப் போத்தல் எத்தனை பேரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதுதான் அவருக்கு யோசனை. போத்தல் கைதவறி விழுந்து உடைந்தால் விளக்குக்கு என்ன செய்வது என்பதுதான் எனக்கு யோசனை.

கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் ஒரு போத்தலில் துறைக்கு நாலு தரம் போய்வரும், ஆனால் ஏறுவது இரண்டு பேர் என்பார். போடியாரின் ட்ரக்டர் துறை வந்து சேர முந்தியே ஒரு போத்தலைக் குடித்துவிடும், ஆனால் பின்பெட்டியில் முப்பது பேரை அடைக்கலாம். பெட்டி நிறைந்தால் ட்ரக்டர் மோட்டார் சைக்கிளை வெல்லும், வெறும் பெட்டியோடு ஓடினால் அதைவிட நாசம் இல்லை. சைக்கிளுக்கு ஒன்றும் வேண்டாம், சோறு வேண்டும், அதை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டுத் தானே சிரிப்பார். தோணிக்கு ஒரு கடப்புக்கு ஒரு போத்தல். பன்னிரண்டு பேர் ஏறினால் தலைக்கு ஒரு மிடறு. மூன்று பேரோடு போனால் தலைக்கு ஒரு கிளாஸ்.

இதை அவர் வீட்டோடு வைத்திருக்கலாம். துறையில் ஊர் கூடியபோது எழும்பிச் சொன்னார். அதுவரை இரண்டு பேர் வந்தாலும் தோணி போகும். மாதத்தின் பாதியில் எண்ணெய் தீர்ந்து, சனம் கரையில் படுத்துக் கிடக்கும். இவர் தடியால் மணலில் கீறிக் காட்டியதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்கு முடிவானது: காலையில் ஒரு கடப்பு, பின்னேரம் ஒரு கடப்பு, பன்னிரண்டு தலை நிறையாமல் தோணி எடுப்பதில்லை. அதற்குப் பிறகு மாதக் கடைசி வரை எண்ணெய் நின்றது. போகிற இடமெல்லாம் அவரை மெச்சினார்கள். நான் மட்டும், நிறையாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நிறையும் என்றார்.

கடிபட்ட அன்று அவருடைய தம்பி முதலில் போடியாரிடம்தான் ஓடினார். ஒருவருக்காக ட்ரக்டர் மெசினை இறக்க ஏலாது, ஒரு போத்தலுக்கு மேல் போகும் என்று போடியார் சொல்லிவிட்டார். கடைக்காரரிடம் சொட்டுப் பெற்றோல் இல்லை. தம்பி சைக்கிள் கரியரில் அண்ணனை இருத்தி, என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலில் கட்டி, கிரவல் றோட்டில் மிதித்தார். நான் பின்னால் ஓடினேன். அடுப்பை அணைத்தேனா என்று அந்த ஓட்டத்திலும் யோசித்தேன்.

நாங்கள் துறைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் பின்னால் ட்ரக்டர் சத்தம் கேட்டது. போடியார்தான். பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, எண்ணெய் மிச்சம் பிடித்து, தனியாக வந்திருந்தார். மகளின் கலியாணத்துக்கு நகை பார்க்க அக்கரை போகவேண்டுமாம்.

நான் தோணிக்காரரின் காலில் விழாத குறை. அவர் கெட்ட மனுஷன் இல்லை. என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்ட புருஷன் போட்ட கணக்குத்தானே மகள். ஏழு பேரோட இப்ப எடுத்தா, பிறகு வாற சனத்துக்கு இன்னொருக்கா எடுக்க எண்ணெய்க்கு நான் எங்க போற?"

காத்தான்குடிக் காக்கா தான் மூன்று தலைக்குத் தருவதாகச் சொன்னார். காசு எஞ்சினுக்குள் ஊற்ற ஒண்ணாது என்றார் தோணிக்காரர். அப்போது போடியாரைப் பார்த்தோம், எல்லோரும். ட்ரக்டர் தாங்கியில் எண்ணெய் இருந்தது. அதில் ஒரு போத்தல் இறக்கினால் தோணி அந்த நிமிஷமே போகும்.

"அதை இறக்கினா நான் வீட்ட போறது எதில புள்ள? நடந்தா?" என்றார் போடியார்.

நான் திரும்பிப் புருஷனிடம் போனேன். பூவரச மரத்தடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. நீங்கள் ஒரு சொல் சொன்னால் எடுப்பார்கள், உங்கள் கணக்குத்தானே, நீங்களே ஒரு நாளைக்குக் குழப்புங்கள் என்று கெஞ்சினேன்.

"நிறையட்டும் புள்ள. ஒருத்தருக்கு எண்டு எடுத்தா, மறுகா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுவாங்க."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கூட்டத்தில் எழும்பி நின்றபோது இருந்த அதே பெருமை. வீக்கத்தோடு போய்விடும் என்று நம்பியிருக்கிறார். அவருடைய தம்பி அண்ணனைத் திட்டினார், தோணிக்காரரைத் திட்டினார், பிறகு ஆட்களைப் பிடித்துவர சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். அதனால் ஏழு ஆறாயிற்று.

வெயில் ஏறியது. அவர் ஒருக்களித்துத் துப்பினார். சிவப்பாக விழுந்தது.

"வெத்திலையை அங்கால துப்பன் தம்பி, கூடையில படுது" என்றாள் கத்தரிக்காய்க்காரி. மகள் சிரித்தாள்.

அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை. பல் முரசில் இருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அதைச் சொன்ன பிறகு அந்தத் தாய் கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

தம்பி இரண்டு பேரோடு வந்தார். அதற்குப் பின்னால் நிவாரணக் கூப்பன் பதியப் போகிறவர்கள் மூன்று பேர் சாவகாசமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. தோணிக்காரர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். என் புருஷனையும் தொட்டு எண்ணினார். தலைக்கு முப்பது ரூபா. எங்கள் மூன்று பேருக்கும் தம்பி கொடுத்தார். சேலைன் குழாயில் இருந்து சொட்டு விட்டு, கயிற்றை இழுத்து, எஞ்சின் பிடித்தபோது நடு உச்சி.

அக்கரையில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நிற்க முடியாதவரையும் நிற்கச் சொன்னார்கள். காக்கா தனக்குத் தெரிந்த வேன் ஒன்றைப் பிடித்துத் தந்தார், காசு வாங்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி எப்போது கடித்தது என்பது. விடிய என்றேன். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மறுநாள் விடியும் முன்னம் என் புருஷன் செத்துப்போனார்.

பின்னேரக் கடப்புக்குப் பிரேதப் பெட்டியை அக்கரைத் துறைக்குக் கொண்டுவந்தோம். கரையில் நிறையச் சனம் நின்றது, பன்னிரண்டுக்கு மேலே. நான் மனதுக்குள் எண்ணிவிட்டேன், நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டியைத் தோணியில் ஏற்றியதும் எல்லோரும் பின்னுக்குப் போனார்கள். தலையில் தண்ணீர் வார்க்காமல் வீட்டுக்குள் போக ஏலாது, நாளைக்கு வருகிறோம் என்றார்கள். நகைப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு போடியாரும் நின்றார். அவரும் ஏறவில்லை.

"பிரேதத்தோட ஆர் மகள் ஏறுவாங்க. முழு எண்ணெய்க் காசும் உங்கட பக்கம்தான் விழும்" என்றார் தோணிக்காரர்.

வாவியின் நடுவில் வைத்து நான் அவரிடம் சண்டை பிடித்தேன். பாரம் குறைந்தால் எஞ்சின் குறைவாகத்தான் குடிக்கும், பன்னிரண்டு பேரின் காசு எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டேன். அது என் புருஷன் சொல்லித் தந்த கணக்கு. ஆள் குறைந்தாலும் ஒரு போத்தல் ஒரு போத்தல்தான் என்றார் அவர். அதுவும் என் புருஷன் சொன்னதுதான். தம்பி பெட்டியைப் பிடித்தபடி, இரண்டு பேரும் வாயை மூடுங்கள் என்றார்.

அன்று எங்களிடம் காசு இருக்கவில்லை. அடுத்த மழைக்குள் ஷெல் அடித்து ஊர் கலைந்தது, தோணிக்காரர் எந்தப் பக்கம் போனார் என்று இன்றுவரை தெரியாது. இப்போது துறையில் பாலம் இருக்கிறது. அரைவாசி காலியாக பஸ் அதன் மேல் ஓடுகிறது, நான் ஏறியவுடன் தலைகளை எண்ணுகிறேன். கேட்டு ஒருவரும் வரவில்லை, வந்தால் பாதிதான் கொடுப்பேன் என்று வெகுகாலம் வீறாப்பாக இருந்தேன். இப்போது அந்த வீறாப்பும் இல்லை. பெட்டியோடு வந்த அந்தக் கடப்புக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது முந்நூற்று அறுபது ரூபா.