ளையன்னாவுக்கு வந்த பஞ்சம்

அச்சுக் கோக்கிறவளுக்கு உலகம் இடவலமாகத்தான் தெரியும். நேராகத் தெரிந்தால் அன்றைக்கு லீவு என்று அர்த்தம். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி நகக்கண் கறுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே பாதி புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூர் பஜாரில் ஒரு சின்ன பிரஸ்ஸில் கம்பாசிட்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு, இவைதான் வேலை. புத்தகம் என்று வந்தது ஒரே ஒரு தடவை.

ஒரே ஒரு எழுத்து

ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டையரான சிவஞானம் சார் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். பழைய அகராதிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சொற்கள். அளை, இளை, உளை, கிளை, துளை, வளை என்று எல்லாமே 'ளை'யில் முடிந்தன. இளை என்றால் காவற்காடு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏன் சார் இந்த எழுத்து மட்டும்?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா எழுத்துக்கும் சேக்கணும்னுதாம்மா ஆரம்பிச்சேன். டாக்டர் பாத்துட்டு, கண்ணு ஒரு வருஷம் தாங்காதுன்னுட்டாரு. ஒரு எழுத்தையாவது முழுசா பாத்து முடிச்சிடலாம்னு வந்துட்டேன்."

தும்பிக்கை

அந்தக் காலத்து 'ளை' இப்போது மாதிரி இருக்காது. முன்னால் இணைக்கொம்பு கிடையாது. ளகரத்தின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு, எல்லாம் சேர்ந்து ஒரே அச்சு. எங்கள் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக்குப் போதுமான அளவுதான் 'ளை' இருந்தது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் பெட்டி காலி.

நான் ஒரு யோசனை செய்தேன். இணைக்கொம்பையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோத்து, புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். சார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இப்ப எழுத்து சரியா தெரியறதில்ல சரோஜாம்மா. அந்தத் தும்பிக்கைதான் அடையாளம். அதையும் வெட்டிட்டீங்களே."

கேரியரில் ஈயம்

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கு வேலை விண்ணப்பப் பாரம் அச்சடிக்கும் ஒரு பிரஸ் இருந்தது. அங்கே கம்பாசிட்டராக இருந்த தாஸ் எனக்குத் தெரிந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமையே டிபன் கேரியரோடு பஸ் ஏறிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் தாஸ் சிரித்தார். "எங்க பாரம்ல 'வேலை, வேலை'ன்னு 'லை'தான் தேயுது. 'ளை' சும்மா தூங்கிக்கினு கீது, எட்த்துக்கினு போக்கா" என்று மூன்று அடுக்கிலும் வாரிக் கொட்டினார்.

ஆடி மாதம். பெரியபாளையத்தில் பஸ் மாறினால், அம்மன் கோயில் கூட்டம் மொத்தமும் உள்ளே. நிற்க இடமில்லாமல், உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் கேரியரை நீட்டினேன். மடியில் வாங்கியவர் கனம் தாங்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா இது, இந்தச் சோத்தத் துன்னா எந்திரிக்க முடியுமா?"

சேறும் சோறும்

தாஸ் வாரிக் கொடுத்ததில் சில 'லை'யும் கலந்து வந்துவிட்டது எனக்குத் தெரியாது. வேகவேகமாகக் கோத்தேன். 'உளை: சேறு' என்று வரவேண்டிய இடத்தில் 'உலை: சோறு' என்று வந்துவிட்டது. 'லை' தாஸ் கொடுத்தது; சோறு மட்டும் என் சொந்தத் தப்பு. மதியம் ஆகியும் சாப்பிடாத வயிறு அப்படிக் கோக்க வைத்தது.

சார் சத்தம் போடுவார் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் புரூஃபைக் கீழே வைத்துவிட்டு என் முகம் இருந்த பக்கமாகப் பார்த்தார். "சேத்துல காலை வைக்கச் சொன்னா சோத்துல கையை வெச்சிருக்கீங்க. முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க."

நண்டுக்கும் ஒரு வீடு

பழவேற்காட்டிலிருந்து ஒரு மீனவர், தம் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார். காத்திருந்த நேரத்தில் மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'வளை: சங்கு; வளையல்; எலி, நண்டு முதலியவை வாழும் பொந்து.'

இது என்ன புத்தகம் என்று கேட்டார். சிவஞானம் சார் சேர்த்த பழைய சொற்களின் அகராதி என்றேன். தம் ஊர்க்காரர் பெயரையே அச்சில் பார்த்ததுபோல அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம நண்டுக்குங்கூட ஊடு குட்த்துகிறாங்களேம்மா, நல்லா இருக்கணும் அவரு!"

கடைசிப் பக்கம்

'வளை' வரை சார் தம் கண்ணாலேயே பார்த்துத் திருத்தினார். அதற்கப்புறம் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கடைசி மூன்று பக்கத்தை நான் சத்தமாகப் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'வேளை' என்று முடித்துத் தாள்களை அடுக்கி வைத்தேன்.

பிறகு, இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். இருந்த 'ளை' எல்லாம் பக்கங்களில் கட்டிக் கிடந்தன. அச்சடிக்கத் தயாராகச் சட்டத்தில் முடுக்கி வைத்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பிரித்து, 'மாப்பிள்ளை அழைப்பு' என்ற வரியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றேன். அவர் சொன்னார்: "'இதை அச்சுக் கோத்தது என் பிள்ளை சரோஜா'ன்னு போடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லாச்சேன்னு 'பிள்ளை'யை விட்டுட்டேன், அது தப்பு."

சொந்தப் பெயரைக் கோத்துப் பழக்கமில்லாததில் 'சரோஜா'வின் கால் இடம் மாறி 'சாரோஜ' என்று அச்சாகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் சார் பார்த்தோ கேட்டோ திருத்தாத ஒரே வரியும், மிஞ்சிய ஒரே பிழையும், என் பெயரேதான்.