தெருக் கமிட்டியும் ராகிக் குழியும்

ஐம்பதுகளில் ஓசூரில் எங்கள் தெருவுக்கும் ஒரு கமிட்டி வாய்த்தது. ஏரிப் பக்கம் சரிந்து இறங்கும் தெரு அது. அரைமணி மழைக்கே சாக்கடை வழிந்து வீட்டுக்குள் வந்துவிடும். சர்க்கார் ஆள் ஒருவர் வந்து, வெள்ளத்தைத் தடுப்பதில் ஜனங்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று பேசிவிட்டுப் போனார். உடனே ஏழு ஆண்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மாறி மாறிப் பேசினார்கள். எந்தப் பாஷையிலும் உருப்படியாக ஒரு வார்த்தை வரவில்லை. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவரவர் வாசல் சாக்கடையை அவரவர் தூர்வார வேண்டும் என்று முடிவானது. வாரிய சேற்றை எங்கே கொட்டுவது என்று அந்த ஏழு மேதைகளில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கடைசி வீட்டில் புருஷனை இழந்த ஒருத்தி இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள். அடுத்த அறுவடை வரைக்கும் அவர்கள் சாப்பிட வேண்டிய ராகி முழுவதும் வாசலில் வெட்டிய குழியில், மண் போட்டு மூடிக் கிடந்தது. எங்கள் பக்கம் ராகியை அப்படித்தான் வைப்போம். ஈரம் படாதவரை வருஷக்கணக்கில் கெடாது.

தூர்வாரும் நாளன்று ஆண்கள் மேற்பார்வை பார்த்தார்கள், பெண்கள் வாரினோம். மேல்கோடி வீட்டுக்காரி தன் சேற்றை அடுத்த வாசல் சாக்கடையில் தள்ளினாள். அந்த வாசல்காரி அதற்கடுத்த வாசலில் தள்ளினாள். குடை பிடித்து நின்ற கமிட்டித் தலைவர், "பேஷ், பேஷ்" என்றார். கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. தெருச் சேறு மொத்தமும் என் வாசலில் வந்து நின்றது. கூடையில் அள்ளி ஏரிக்கரையில் கொட்டியிருக்கலாம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. களையெடுக்கப் போன கடைசி வீட்டுக்காரி இன்னும் திரும்பவில்லை. நானும் தள்ளினேன்.

அன்று மதியமே மழை கொட்டியது. எல்லார் வாசலிலும் தண்ணீர் ஜோராக ஓட, மண்டபத்தில் ஒதுங்கியிருந்த கமிட்டி கைதட்டியது. கடைசி வாசலில் சேறு அடைத்துக்கொண்டு தண்ணீர் முழங்கால் உயரம் நின்றது.

மழை விட்டதும் கடைசி வீட்டுக்குப் போனேன். அவள் குழிக்குள் இறங்கி, ஊறிப்போன ராகியை முறத்தில் அள்ளி மேலே கொட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மேலே நின்று, "நீ மட்டும் வாரலயேம்மா, அதான் இப்பிடி" என்று புத்தி சொன்னார். வெட்கங்கெட்ட மனிதர்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க குழிக்கு ஒண்ணும் ஆவலயே?"

"ஒண்ணும் ஆவல" என்றேன். சேற்றைத் தள்ளியவள் நான்தான் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.