கப்பல் தட்டுகளும் அம்மாவின் லேஸ் விரிப்பும்

"நீலக் கரைத் தட்டு, பெரியது, ஒன்று. ஆகஸ்டு 9. பாளையங்கோட்டை ஏலத்தில் எடுத்தது. ஓரத்தில் சிறு உடைப்பு. சோறு வைத்தால் தெரியாது."

என் அம்மா எழுதி, தட்டின் அடியில் ஒட்டிவைத்த சீட்டு இது. தண்ணீர் படாமலிருக்க மேலே மெழுகு தேய்த்திருக்கிறாள். ஆனால் ஆண்டு இல்லை. அம்மா மேல் எனக்கு இருக்கும் தீராத மனத்தாங்கல் இதுதான். நாளையும் மாதத்தையும் எழுதுவாள், ஆண்டை எழுதமாட்டாள். அது எல்லோருக்கும் நினைவிருக்கும் என்று நம்பிவிட்டாள். ஏதோ ஒரு மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது நடந்த ஏலம் என்பது தெரியும். எந்த ஆண்டு என்று சொல்ல இன்று யாரும் இல்லை.

அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வரும் தட்டு, குவளை, கிண்ணம் எதுவானாலும் அடியில் ஒரு சீட்டு ஒட்டுவேன். எங்கே கிடைத்தது, என்று வந்தது, எப்படிச் சுத்தம் செய்தேன் என்று எழுதுவேன். ஆண்டை மறக்காமல் எழுதுவேன். மெழுகுக்குப் பதில் செலோடேப்.

சென்ற ஜனவரியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளம். காலையில் கோயிலில் ஜெபம், மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று முடிவாயிற்று. மண்டபம் வேண்டாம், வீட்டு மேசையில் சாப்பிடலாம் என்று சொன்னவள் என் மகள்தான். பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய தேக்கு மேசை எங்களுடையது. என் மாமனார் செய்வித்தது.

மேசை விஷயம் தெரிந்ததும் என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுபவர், இரண்டு தெரு தள்ளியிருந்து நடந்தே வந்துவிட்டார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ஏளா, விரிப்ப நான் வந்து விரிக்கேன். நீ அதுல கை வைக்காத, என்ன?"

"ஏன் மதினி?"

"ஏன்னு கேக்கா பாரு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அந்தக் குடும்பத்தில் நிச்சயதார்த்த விருந்துக்கு மேசை விரிப்பை விரிப்பவள் கணவனோடு வாழ்பவளாக இருக்க வேண்டும். வேதத்தில் இப்படி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதுண்டு. "வேதத்துல இல்ல, வீட்டுல இருக்கு" என்பது மதினியின் பதில். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர், என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னோடு தரையில் படுத்திருந்தவர். அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று சொன்னேன்: "என் மகள் நிச்சயத்துக்கு என் மேசையை நான்தான் விரிப்பேன்."

மதினி என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். "இந்த ஒண்ணோட ஒண்ணு சேராத தட்டுலயா சம்மந்திக்குச் சோறு போடப்போற? வாடகைக்கு ஒரே மாதிரி எடுத்திருவோம்" என்றார். முதல் சண்டையில் முடிவு வராவிட்டால் இரண்டாவதைத் தொடங்குவது அவர் வழக்கம்.

ஒன்றோடொன்று சேராத தட்டுகள் என்பது உண்மை. நீலக் கரைத் தட்டுகள் அம்மா வழியாக வந்தவை ஐந்துதான் மிச்சம். இன்னும் ஏழு வேண்டும். முத்தையாபுரம் போகும் சாலையில் ஒரு காயலான் கடை இருக்கிறது. கப்பல்களிலிருந்து கழித்துப்போட்ட சாமான்கள் அங்கே வரும். கயிறு, விளக்கு, நாற்காலி, சில நேரம் சமையலறைப் பாத்திரம். பள்ளியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கி அங்கே போவது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த வாரம் கனமான வெள்ளைத் தட்டுகள் ஒரு பெட்டி வந்திருந்தன. விளிம்பில் மெல்லிய நீலக் கோடு. அம்மாவின் நீலம் இல்லை, ஆனால் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

"டீச்சர், இது கப்பக்காரன் தட்டு" என்றார் கடை அண்ணாச்சி. "கப்பலு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும்போதே உடையாதது. ஒங்க வீட்டு விசேசத்துல என்ன சண்ட வந்தாலும் தாங்கும்."

"சண்டை வரும்னு யார் சொன்னா?"

"விசேசம்னு சொன்னீயள்லா?"

ஏழையும் தேர்ந்தெடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்தேன். வழக்கம்போல அடியில் சீட்டு ஒட்டினேன்.

நிச்சயதார்த்தச் சனிக்கிழமை காலை, விடிந்ததும் குளித்துவிட்டு விரிப்பை எடுத்தேன். நாசரேத்தில் பள்ளிக்கூட நாட்களில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்ட அம்மா, கல்யாணத்துக்கு முன்பே பின்னி முடித்தது. ஒரு மூலையில் மட்டும் பூக்கள் நெருக்கமாக இருக்கும். நூல் தீர்ந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பின்னினாள், பிறகு நூல் மிஞ்சிவிட்டதாம். அந்த மூலையை நான் எப்போதும் வாசல் பக்கம் வைப்பேன். அன்றும் அங்கேதான் வைத்தேன். மகள் எதிர்ப்பக்கம் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். முழுவதையும் நானே உதறி, நானே விரித்து, நானே சுருக்கம் தடவினேன்.

நடுவில் என் மாமியாரின் பித்தளைச் செம்பு, கழுத்தில் அவர் பெயர் வெட்டியது, அதில் நந்தியாவட்டை. வீட்டில் கிடந்த பழைய மருந்துப் புட்டிகளில் ஒவ்வொரு கொத்து வேப்பம்பூ வைக்க நினைத்தேன், ஜனவரியில் ஏது வேப்பம்பூ. துளசியும் மருக்கொழுந்தும் வைத்தேன். உப்புக்கு முத்துச்சிப்பி ஓடுகள். என் மாமனாரின் தகப்பனார் முத்துக்குளிப்பு ஏலத்தில் சிப்பிக் குவியல் எடுத்தவர். முத்து ஒன்றும் தேறவில்லை, ஓடுதான் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். உள்பக்கம் இன்னும் மினுங்குகிறது. அதில் நம்மூர் உப்பளத்துக் கல்லுப்பு. கப்பல் தட்டும் நீலக் கரைத் தட்டும் மாறி மாறி. அம்மாவின் உடைந்த தட்டை எனக்கே வைத்துக்கொண்டேன்.

மதினி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கையில் அவர் கொண்டுவந்த புது விரிப்பு, கவர்கூடப் பிரிக்காமல். மேசையைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். செம்பில் தன் அம்மாவின் பெயரை விரலால் தொட்டார்.

"சொன்னா கேக்கமாட்ட."

"மாட்டேன் மதினி."

"சரி, போவுது. ஆராவது கேட்டா நான் விரிச்சேன்னு சொல்லிருதேன். நீ வாயத் திறக்காத. பிள்ளைக்கு நல்லது."

நான் பதில் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். புது விரிப்பைப் பீரோமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் சீலா மீன் குழம்பில் புளி போதாது என்றார்.

கோயிலில் ஜெபம் முடிந்து மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜெபம் சொல்லி உட்கார்ந்ததும் நான் எதிர்பார்க்காதது நடந்தது. எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரம் கைக்கு வந்தால் திருப்பிப் பார்த்து, யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று வாசிக்காமல் யாரும் கீழே வைப்பதில்லை. மாப்பிள்ளையின் அப்பா, சோறு வருவதற்குள், தன் தட்டைத் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாள், மாதம், ஆண்டைத் தாண்டி மற்றதைச் சத்தமாக வாசித்தார்.

"காயலான் கடை, முத்தையாபுரம் ரோடு. கப்பல் தட்டு. சோடா உப்பில் இரண்டு முறை கொதிக்கவைத்தது. நாற்றம் போய்விட்டது."

மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

"போய்ட்டுன்னா போய்ட்டுதான?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"மோந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

நிஜமாகவே மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அதற்குள் ஆளாளுக்குத் தட்டைத் திருப்பி வாசிக்கத் தொடங்கினார்கள். "எனக்கு அதே கடைதான்." "எனக்குப் பாளையங்கோட்டைடே, நான் பெரிய ஆளு." மாப்பிள்ளைகூட உப்புச் சிப்பியைத் திருப்பிப் பார்த்தார், அதில் சீட்டு இல்லை என்று ஏமாந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தட்டைத் திருப்பவில்லை. லேஸின் ஓரத்தை விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கைவேலை" என்றார். "என்ன அழகா விரிச்சிருக்கு. ஒரு சுருக்கம் இல்ல. மதினிதான் விரிச்சீயளா?"

அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். அதனால்தான் மதினியைப் பார்த்துக் கேட்டார். மதினி வாயைத் திறந்தார். அவர் தலை ஆமாம் என்று அசையத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

"நான்தான் விரிச்சேன்" என்றேன், நின்றபடியே.

மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்தார், வளையல் இல்லாத கையை. நான் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. நெருக்கமான பூக்கள் இருந்த மூலைமேல் வைத்திருந்தேன், அப்படியே வைத்திருந்தேன். என் மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

"அப்பம் ஒக்காருங்க, ஏன் நிக்கீய" என்றார் மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கழித்து. "நீங்க ஒக்காந்தாத்தான நாங்க சாப்பிட முடியும்."

உட்கார்ந்தேன். மேசையின் தலைப்பில், உடைந்த தட்டுக்கு முன்னால். அவர் அதை முழு மனதோடு சொன்னாரா, பசியில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஜூனில் கல்யாணம் நடந்தது, அதிலும் நான் முன்னால்தான் நின்றேன்.

நிச்சயம் முடிந்து மதினி ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது நான் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினேன். என் சொந்த நிச்சயதார்த்தம், நாசரேத் வீடு, இதே லேஸ் விரிப்பு, இதே நீலக் கரைத் தட்டுகள். அப்போது என் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. படத்தின் இடது ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி வந்து, ஒரு பெண்ணின் கை விரிப்பின் மூலையைத் தடவிவிட்டுக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் வளையல் இல்லை.

"இது எங்க அம்மா கை" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணாக அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் மதினி. படத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "சமையலுக்கு வந்த பொம்பள கைதான்ளா இது. ஒங்க அம்மை அன்னைக்கு அடுப்படிய விட்டு வெளியவே வரல. நான் கண்ணால பாத்தவ."

"முகம் பாத்தீங்களா மதினி?"

"கையத்தான பாக்கச் சொல்லுத? மொகத்த எங்க போயி பாக்க?"

அந்தப் படத்தில் இருப்பவர்களில் இப்போது எஞ்சியிருப்பவர்கள் நானும் மதினியும், வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணனும். அண்ணனிடம் போனில் கேட்டேன். அவருக்கு மீன் குழம்புதான் நினைவிருக்கிறது. படம் எடுத்தவர் கடையை மூடிப் பல காலம் ஆகிறது. படத்தின் பின்பக்கம் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், நாள், மாதம், ஆண்டோடு: "விரிப்பின் மேல் இருக்கும் கை அம்மாவுடையது என்று நம்புகிறேன். மதினி மறுக்கிறார். உறுதி செய்யப்படவில்லை."