ஏழு கறுப்புத் தோல் துண்டுகள்

முனீர் பாய் இறந்த செய்தி நம் புகைப்படச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது, ஒரு காலை வணக்கம் ரோஜாப்பூவுக்கும் லென்ஸ் விளம்பரத்துக்கும் நடுவில். கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. ஆறாவது கைக்குப் பிறகு ஒருவர் கேட்டார்: "பாயோட ஐ.ஆர். கேமராவ வீட்ல குடுப்பாங்களா?" ஆம்பூரில் அவரை அப்போது குளிப்பாட்டக்கூட இல்லை. கேட்டவரை நாலு வார்த்தை திட்டத்தான் போனை எடுத்தேன். ஆனால் அதே கேள்வி எனக்கும் தோன்றியிருந்தது. அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அவரைத் தெரியாத புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். முனீர் பாய் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். வேலூர் சத்துவாச்சாரியில் நம் மாதக் கூட்டத்துக்குப் பேருந்து ஏறி வந்து கடைசி வரிசையில் உட்காருவார். 'தோல் பாய்' என்று அவர் காதுபடவே சொல்வோம். நம்மில் பலருக்கு அவர் பெயர் முனீர் என்று இரங்கல் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

எட்டு வருடம் முன்பு நமக்கெல்லாம் இந்த ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்புப் பைத்தியம் பிடித்தது நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுப்பது, இலை வெள்ளையாகும், வானம் கறுக்கும் என்று யாரோ வீடியோ பார்த்துவிட்டு வந்து சொல்ல, மறுநாளே எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. லென்ஸ் முன்னால் மாட்டும் பில்டர் வாங்குவதா, கேமராவையே பிரித்து மாற்றுவதா என்று செயலாளர் பிரபாகர் கூட்டத்தில் கேட்டார். பாய் பின்னாலிருந்து, "எத எடுக்கப் போற?" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்.

"நிக்கிற மரம், கோட்டைச் செவுரு, இதுக்கெல்லாம் பில்டர் போதும். ஸ்டாண்டு போடு, மொதல்ல ஃபோகஸ் பண்ணு, அப்புறம் பில்டர மாட்டிட்டு பொறுமையா நில்லு. நடக்கிற மனுசன எடுக்கணும்னாத்தான் கேமராவத் தொறக்கணும். உள்ள இருக்கிற கண்ணாடிய மாத்திட்டா, அதத் தூக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவ முடியாது. அந்த ஒரு வேலைக்குத்தான் ஆவும். அந்த வேல உன்கிட்ட இருக்கா?"

அன்று சொல்லப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. தேநீருக்கு எழுந்துவிட்டோம்.

அவருக்கு அந்த வேலை இருந்தது. தன் பழைய கேமராவை மாற்றிக்கொண்டு, ஷூ கம்பெனி வாசலில் உச்சி வெயிலில் நின்று, சாப்பாட்டுக்கு வெளியே வரும் பெண்களை எடுத்தார். எல்லோர் கையிலும் கறுப்புக் குடை. படத்தில் பாதிக் குடைகள் வெள்ளை, மீதி கறுப்பு, அதற்குக் கீழே சிரித்துக்கொண்டும் சலித்துக்கொண்டும் நடக்கும் முகங்கள். அதைப் போட்டிக்கு அனுப்பினார். நடுவர் மூவரில் நான் ஒருவன். "பேப்பர்ல வர்ற படம் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கினேன். பரிசு, பிரபாகரின் வெள்ளை மரங்கள் சூழ்ந்த கோட்டை அகழிக்குப் போனது. அந்தப் படம் நம் காலண்டரிலும் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு பாய், "நல்லா கலர் அடிச்சிருக்கே" என்றார். நேற்றைய இரங்கல் குறிப்பில் பிரபாகர் இதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எழுதியிருக்கிறார்.

பாராட்டு இல்லை பிரபாகர். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்களில் ஒன்பது பேர் பில்டர் வாங்கியது என் கேமராக் கடையில். முதல் ஆறு விற்ற பிறகு ஒருநாள் பாய் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு வளையம் எடுத்தார். அதில் கோத்த ஏழு சிறு தோல் துண்டுகள், என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. "கறுப்புன்னா எல்லாம் ஒரே கறுப்பு இல்லப்பா. நாலு சாயம், மூணு கரி. நெஜ பில்டர்ல சாயம் போட்டது வெளுத்துரும், கரி அப்பிடியே நிக்கும்." வாசல் வெயிலில் துண்டுகளை வைத்து, கடையிலிருந்த சாதாரணக் கேமராவில் தன் பில்டரை மாட்டி எடுத்தார். நாலு துண்டு சாம்பல் வெள்ளையாக வந்தன. பிறகு என் பெட்டியிலிருந்து ஒன்றை மாட்டினார். ஏழும் கறுப்பு. விளிம்பில் ஐ.ஆர். எண் அழகாக அச்சடித்திருந்தது, உள்ளே வெறும் சிவப்புக் கண்ணாடி. வந்த சரக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்தவனில்லை.

உங்களுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றால், இலை வெளுக்காதபோது நீங்கள் கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்துக்கொண்டீர்கள். பாய் 'கலர் அடிச்சிருக்கே' என்றது அதைத்தான்.

"கூட்டத்துல சொல்லிடுவீங்களா பாய்?" என்று கேட்டேன். என் பயம் கடையைப் பற்றி மட்டும்தான்.

"எனக்கு இன்னா பேஜாரு? அவங்களுக்கு எந்தக் கண்ணாடி குடுத்தாலும் ஒண்ணுதான். வித்தவன் நீ, நீதான் சொல்லணும்." வளையத்தை மேசைமேல் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். என்னவிட உனக்குத்தான் ஜாஸ்தி தேவ." வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "சொல்ற ஆளா நீ?"

இல்லை. மீதி மூன்றையும் அடுத்த மாதமே விற்றேன். அவர் அதன் பிறகும் கூட்டத்துக்கு வந்தார், ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும். அவர் நம்மை மதிக்கவில்லை. உங்களைவிட என்னைக் கொஞ்சம் குறைவாகவே மதித்தார், அது நியாயம். என் மீது எனக்கு இருக்கும் கோபம் ஒன்றே ஒன்றுதான்: அவர் போன பிறகு சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் அவர் ஒருவராவது என்னை மதித்துத் திரும்பிப் பார்த்திருப்பார்.

அவருடைய கேமராவை யாரும் கேட்க வேண்டாம். அடக்கத்துக்கு நம் சங்கத்திலிருந்து போனது நான் மட்டும்தான். மகளிடம் பேசினேன். "குடுக்கிறதா இல்லண்ணா. கம்பெனி கேட்ல நான் எடுக்கப் போறேன்" என்றாள்.

என்னிடம் இருப்பது அந்த வளையம். மேசை இழுப்பறையில் எட்டு வருடம் கிடந்ததை இன்று கடை வாசலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். ஒன்பது பேரும் ஞாயிற்றுக்கிழமை வெயில் இருக்கும்போது உங்கள் பில்டரோடு வாருங்கள். எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்ப்போம். பிரபாகர், உங்களுடையது முதலில். ஏழும் கறுப்பாகத்தான் வரும்.