சிங்கப்பூர் காருக்கு நான் காட்டிய வழி

இன்று சனிக்கிழமை மதியம் எங்கள் ஊர் தெப்ராவில், நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை வாசலில், எல்லை தாண்டி வந்த ஒரு சிங்கப்பூர் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அண்ணே, இங்க வாழை இலை சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?"

கொஞ்சமும் கூசாமல், சிக்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கடையைக் கை காட்டினேன். அங்கே நின்று படம் எடுப்பதற்கென்றே சுவரில் பெரிய இறக்கை வரைந்திருக்கிறார்கள். மீன் குழம்பில் மீனைத் தேட வேண்டும். உள்ளூர்க்காரன் எவனும் அங்கே சாப்பிட மாட்டான். வெளியூரிலிருந்து வருகிறவர்களை அனுப்பிவைப்பதோடு சரி.

நம் ஊரின் நல்ல கடைகளில் நமக்கு இன்னும் இடம் கிடைக்கும் ரகசியம் இதுதான்.

நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஓ, நீங்கதானா அது? சனிக்கிழமையானா அங்க லைன் நிக்குது, இங்க நான் ஈ ஓட்டுறேன்!"

"கூட்டம் வந்தா எனக்கு இடம் கிடைக்காதேக்கா."

"ஆளே வரலன்னா அடுத்த மாசம் கடையே இருக்காது லா. அப்ப எங்க உக்காருவீங்க? போய் அவங்கள கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு இலை கிடையாது."

போனேன். சிங்கப்பூர்க்காரர்களோடு, அங்கே லைனில் நின்று வெறுத்துப்போயிருந்த இன்னும் மூன்று குடும்பங்களும் சேர்ந்து வந்துவிட்டன. கடைசி மீன் தலை அவர்கள் இலைக்குப் போனது. உட்கார இடமில்லாமல், மிஞ்சிய ரசத்தைத் தபாவ் பையில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

கடை எங்கே என்று கமெண்டில் கேட்பீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். சிக்னலைத் தாண்டுங்கள், சுவரில் இறக்கை வரைந்திருக்கும்.