சுயம்பு தின்ற ஆனை

சுக்குவெந்நீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அடிவயிற்றிலிருந்து “ஆ...” என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்க்கிறார் சுயம்பு. பக்கத்து வீட்டுக் கோழி பதறிப்போய்க் கூரையேறினால் தொண்டை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை ஏலம் விளிக்கிறவருக்குத் தொண்டைதானே முதல்!

மலையாள ராஜ்ஜியத்தில் இருக்கிற தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் தொடங்கியதிலிருந்து அந்தத் தொண்டைக்கு மவுசு கூடிவிட்டது. ஊர்வலத்தில் தகரக்குழலைப் பிடித்து முதல் கோஷம் விளிப்பவர் அவர்தான். ஏலத்தில் யாராவது மலையாளத்தில் விலை கேட்டால் காதில் விழாததுபோல் நிற்பார். “தமிழில கேளும் ஓய், எனக்கு மலையாளம் தெரியாதாக்கும்!” என்பார். வாய்க்கு வாய் மலையாளம் கலக்கிற ஊரில் இப்படி ஒரு வீம்பு.

அந்த வீரர்தான் போன வாரம், மனைவி சரோஜத்தின் நெடுநாள் ஆசைக்காகத் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். புலியும் நீர்யானையும் பார்த்த களைப்பில் உள்ளேயே ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தார்கள். அங்கே ஆனை உருவத்தில் பன், ஆளுக்கொன்று வாங்கினார்கள். கண்ணுக்குக் கிராம்பு, கொம்புக்குத் தேங்காய்க்கீற்று. சரோஜத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஐயோ, இஞ்ச பாருங்க, குட்டி ஆனைக்க முழியை! இதை எப்பிடிக் கடிச்சுத் தின்ன?” என்று உரக்கச் சொல்லிவிட்டாள். தும்பிக்கையைக் கடித்திருந்த சுயம்புவுக்கு விக்கியது.

பக்கத்து மேசையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். “பாண்டிகளாணோ?”

பாண்டி என்றால் அங்கே தமிழர்களுக்கு ஏளனப் பெயர். அடிக்கவில்லை, அதட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ஆனால் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சந்தையையே கிடுகிடுக்க வைக்கிற தொண்டை எங்கே போயிற்றோ! “ஞான் மலையாளியாணு சாரே. இவளாணு பாண்டி” என்று குழைந்தார் சுயம்பு. கடையில் சிரிப்பு எழுந்தது. இவரும் சேர்ந்து சிரித்தார், பாவி மனிதர்! சரோஜம் பன்னைக் கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று அவர் மட்டும் தன் ஆனையை வால்வரை தின்று தீர்த்தார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சரோஜம் இன்றுவரை கேட்கவில்லை. சுக்குவெந்நீர் மட்டும் நேரம் தவறாமல் வருகிறது. முகம் பார்த்து வாங்கத்தான் அவரால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. “ரெண்டு ஏச்சு ஏசினாலாவது கொள்ளாம்” என்று முற்றத்துக் கோழியிடம் முணுமுணுக்கிறார்.

நேற்று மாலை ஊர்வலம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பெண்கள் வரிசையில் சரோஜமும் நின்றாள். சுயம்பு குழலை வாயருகே கொண்டுபோனார். சத்தம் வரவில்லை.

“அண்ணே, எல்லாரும் நிக்கியாவ. நீங்க விளிச்சாத்தானே நடக்க முடியும்?” என்றார் பக்கத்தில் நின்ற ராஜையா. “என்ன, தொண்டை கட்டிப்போச்சா?”

“தொண்டைக்கு ஒண்ணும் இல்ல மக்கா.”

குழலின் வாயை வேட்டி முனையால் துடைத்தார். பெண்கள் வரிசைவரை நடந்துபோய், தலை நிமிராமல், அதைச் சரோஜத்தின் கையில் கொடுத்தார். பிறகு கூட்டத்தின் கடைசியில் போய் நின்று, அவள் விளிக்கக் காத்திருந்தார்.