பொம்பளைக்குச் சின்ன சைஸ்

“டைட் பண்ணுங்கம்மா” என்று இனி யாராவது என் காதுபடச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மாதங்கள் ஓடிவிட்டன. தினமும் விளக்கேற்றும்போது இந்தக் கோபத்தை எடுத்துவிடு சாமி என்று கேட்கிறேன். எடுக்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மல்லசமுத்திரம் பக்கம். நாலு மாடு, கொஞ்சம் மரவள்ளிக் காடு. காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது நான்தான். என் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கல், வண்டி ஓட்ட மாட்டார். ஸ்கூட்டியில் கேனை வைத்துக்கொண்டு போவேன், பாலை ஊற்றுவேன், வரும் வழியில் முருகன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஒரு நாள் சொசைட்டிக்குப் போகிற நேர்ரோட்டிலேயே தூங்கிப்போனேன். கண்ணை விழித்தது மரவள்ளிக் காட்டுக்குள். வண்டி ஒருபக்கம், நான் ஒருபக்கம், பால் பூராவும் மண்ணில். ஆளாளுக்குத் திருஷ்டி என்றார்கள், தலைச்சுற்று என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது தூக்கம். உலை வைத்தால் தூக்கம், பூசையில் உட்கார்ந்தால் தூக்கம்.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். குறட்டை உண்டா என்று கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு என் வீட்டுக்காரர் சிரித்தார்.

“அத ஏனுங்க கேக்கறீங்க? எங்கூட்டுல ரைஸ்மில்லு ஓடுதுங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்றுநின்று வருகிறதாம். மணிக்கு எத்தனை தடவை என்றும் சொன்னார். அதை இங்கே எழுதக்கூடப் பயமாக இருக்கிறது. மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிற ஒரு மெஷின் வேண்டும் என்றார். அதைப் போட்டு ஒழுங்காகத் தூங்கி, பகல் தூக்கம் நின்றதை அவர் பார்த்த பிறகுதான் வண்டி. அதுவரைக்கும் சாவியைத் தொடக்கூடாது.

அன்றைக்கே சாவி பீரோவுக்கு மேலே போனது. மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் வாசலில் நின்றேன்.

சேலத்திலேயே மெஷின் விற்கிற கடை ஒன்று. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், வாயில் நல்ல பேச்சு. ஒரே அழுத்தத்தில் காற்றடிக்கிறது ஒன்று, மூச்சுக்குத் தகுந்தமாதிரி தானே கூட்டிக் குறைக்கிற ஆட்டோ மெஷின் ஒன்று, இரண்டையும் மேசைமேல் வைத்து அரைமணி நேரம் விளக்கினார். தண்ணீர் எங்கே ஊற்றுவது, சத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் போட்டோம் என்று அதுவே குறித்து வைப்பது, எல்லாம் சொன்னார். டாக்டர் சீட்டில் ஆட்டோ என்று இருந்தது, அதையே எடுத்தோம். மாஸ்க் பற்றிக் கேட்டேன்.

“பொம்பளைங்களுக்கு ஸ்மால்தாங்கம்மா” என்று ஒரு பாக்கெட்டைக் கிழித்தார். அவ்வளவுதான், மாஸ்க் முடிந்தது.

ஊருக்கு வந்து மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் போட்டேன். போட்டதும் பஞ்சர் டயர் மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று மூக்குக்குள் போகாமல் வலது கண்ணுக்குள் அடித்தது. விடிந்தபோது கண் சிவந்திருந்தது. தூக்கம் பழைய தூக்கம்தான். கடைக்குப் போன் போட்டேன்.

“ஸ்ட்ராப்ப டைட் பண்ணுங்கம்மா.”

பண்ணினேன். நாலு நாளில் மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது. பஸ் ஏறி நேரில் போனேன். அவரே பின்னால் நின்று இழுத்துக் கட்டினார். தலை வலித்தது, உஸ் நிற்கவில்லை. “வாயத் தொறந்து தூங்குவீங்களாட்டருக்குது” என்று தாடைக்கு ஒரு பட்டை கொடுத்தார். காயம் பட்ட ஆள் மாதிரி கட்டிக்கொண்டு படுத்தேன். மறுபடியும் போனேன்.

“மெசின்ல ஒண்ணும் கொறையில்லீங்க. உங்களுக்குத்தான் பழகல. பொம்பளைங்க கொஞ்சம் பயப்படுவாங்க.”

நான் பயந்தவளா? முட்டுகிற மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவள் நான். ஆனாலும் படித்தவர்கள் சொல்கிறார்களே, நம்மிடம்தான் தப்பிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். கூட வந்து, செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் பருத்திக்கொட்டையும் மளிகையும் வாங்கி வைத்திருந்த என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கேட்டார், “என்ன சொன்னாரு?” “பயமாம்” என்றேன். “அப்படியுமிருக்கும்” என்றார். மளிகைப் பையை எங்களுக்கு நடுவில் எடுத்து வைத்தேன்.

மறுநாள் மதியம் அவர் காட்டுக்குப் போனபின், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டி மெஷினை ஓடவிட்டேன். காற்று எங்கே கசிகிறது என்று, விரலை நனைத்துக்கொண்டு, மாட்டு மடியைத் தடவுவதுபோல ரப்பரைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். நெற்றிப்பக்கம் இல்லை, கீழே இல்லை, இடதுபக்கம் இல்லை. வலதுபக்கம் வந்ததும் விரல் ஜில்லென்றது.

மூக்குத்தி. என் ஏழு கல் மூக்குத்தி ரப்பரைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்துவழியாகத்தான் காற்று முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை இறுக்கினால் என்ன?

கழட்டிப் பார்த்தேன், வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்டது. மஞ்சளும் வேர்வையும் ஏறித் திருகு இறுகிப்போயிருந்தது. எங்கள் பக்கத்தில் தாலிக்கு அடுத்தது மூக்குத்திதான். புருஷன் இருக்கும்போது மூக்கு வெறுமையாக இருக்கக்கூடாது. சாயங்காலம் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

“நானிருக்கறப்பவே கழட்டுவயா அம்மிணி?”

“நீங்க இருக்கோணும்னு இத்தன வருசம் போட்டிருந்தனுங்க. நானும் இருக்கோணுமில்லீங்களா?”

“ஊருல கேட்டா?”

“ஊரு வந்து எனக்கு மூச்சு உடுதுங்களா?”

அவரிடம் அப்படிப் பேசியவள் இல்லை நான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது, “வெள்ளிக்கெழம வேண்டாம். வியாழக்கெழம போலாம்” என்று மட்டும் சொன்னார்.

திருச்செங்கோட்டில் ஆசாரி எண்ணெய் விட்டுப் பார்த்தார், சூடு காட்டிய துணியை வைத்துப் பார்த்தார். “இது வராதுங்க, வெட்டித்தான் எடுக்கோணும். ஒடம்புக்குத்தானே? தப்பில்லீங்க” என்றார். வெட்டியபோது வலி பெரிதாக இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், அதுதான் தாங்கவில்லை. அங்கிருந்தே மலைக்கோயிலுக்குப் போனோம். சந்நிதியில் நின்று, பாதி பொம்பளையாக நிற்கிற உனக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டாம், இவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அழுதேன்.

மூக்குத்தி போனபின் உஸ் பாதி குறைந்தது. ஆனால் மாஸ்க் இரண்டு பக்கமும் மூக்கைக் கிள்ளியது. புண்ணும் ஆறவில்லை. பஞ்சு மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று மறுபடியும் கடைக்குப் போனோம்.

அங்கே ஒரு ஆம்பளை உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் ஓட்டை ஓட்டையாக வெட்டிய ஒரு அட்டையை அவர் மூக்கில் வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னதுங்க?” என்றேன்.

“மூக்களவுங்கம்மா. இத வெச்சுத்தான் மாஸ்க் சைஸ் பாக்கறது.”

“எனக்குப் பாக்கலீங்களே.”

“பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும்…” என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையை எடுத்துவந்தார். முதல் ஓட்டை பற்றவில்லை, இரண்டாவதும் பற்றவில்லை. மூன்றாவதில் மூக்கு அடங்கியது. லார்ஜ்.

“என்ற மூக்குல மூக்குத்தி இருந்துச்சுங்க. இந்த சைஸ்னா அது இடிக்குமுங்களா?”

“இடிக்காதுங்கம்மா. ரப்பர் மூக்குத்தியத் தாண்டி அக்கட்டால உக்காரும். மூக்குத்தி உள்ளாறயே நின்னுக்கும்.”

வெறும் மூக்கைத் தடவிப் பார்த்தேன். அவரே தொடர்ந்து சொன்னார், “மூக்குத்தி இடிக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே.”

“என்ற மூஞ்சியிலதானய்யா இருந்துச்சு!” என்று கத்திவிட்டேன். “மூணு வாட்டி ஒரு சாண் தூரத்துல நின்னு பாத்தயே! கல்லு ஏழும் மின்னுச்சே, கண்ணுல படலியா? ஆம்பளைக்கு மூக்க அளக்கறே, எனக்குப் பயம்ங்கறே!”

அந்த ஆம்பளை அட்டையைப் பார்த்தபடி குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. “அவ கேக்கறதுக்குப் பதிலச் சொல்லுங்க” என்றார்.  கடைக்காரர் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். அது முதல் நாள் நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மேசைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

மாட்டினேன். வார் தளர்வாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. அந்தக் கடை நாற்காலியிலேயே பத்து நிமிஷம் தூங்கிவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவ்வளவு கோபத்தோடு தூங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் மெஷின் குறித்து வைத்ததைப் பார்த்து, நன்றாக இருக்கிறது, வண்டி ஓட்டலாம் என்றார். அவரிடமும் கேட்டேன், மாஸ்க் அளவெடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்களாவது சீட்டில் எழுதக்கூடாதா என்று. கடையில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். ஆளாளுக்கு நினைத்தார்கள், போனது என் மூக்குத்தி.

மறுநாள் காலையில் பீரோமேலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார்.

“வெள்ளிக்கெழம நல்ல நாளு. ஆசாரிகிட்ட சொல்லிப் புதுசு ஒண்ணு போட்டுக்க. பொறவு வண்டிய எடு.”

“மொதல்ல சாவியக் குடுங்க. பால் நேரமாச்சு.”

கொடுத்தார். கேனை முன்னால் வைத்துக் கிளம்பினேன்.